தொலைவில் உறைந்துபோகும் சர்வர்: கெர்னலை நெட்வொர்க் வழியாக வழுநீக்க நம்பகமான வழி எது?

#1 புதுவேர்

வணக்கம். தொலைவில் உள்ள தரவு மையம் ஒன்றில் ஓடும் லினக்ஸ் சர்வர் அவ்வப்போது அப்படியே உறைந்துவிடுகிறது. பிங் போவதில்லை, எஸ்எஸ்எச் இல்லை. மின்சாரத்தை நிறுத்திப் போட்டு எழுப்பிய பிறகு பார்த்தால் பதிவுகளில் தடயமே இல்லை. வழக்கமான செய்திகள் ஓடிக்கொண்டிருந்து சட்டென்று நின்றிருக்கின்றன.

அதில் அளவீட்டுத் தரவு சேகரிக்கும் பிசிஐ அட்டை ஒன்று இருக்கிறது. அதன் டிரைவர் கெர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) மூலத்தோடு வருவது அன்று. அட்டையைத் தந்தவர்கள் மூலநிரலாகக் கொடுத்தது. என் சந்தேகம் அதன்மேல்தான். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு யாரிடமும் பேச முடியாது, ஆதாரம் வேண்டும்.

சீரியல் கம்பி செருக அங்கே ஆள் இல்லை. கேஜிடிபியை (கெர்னலை வெளிக் கணினியிலிருந்து நிறுத்தி ஆராயும் வழுநீக்கி) நேராக ஈதர்நெட் வழியாக இணைக்க முடியுமா? பழைய குறிப்புகளில் கேஜிடிபிஓஇ என்ற பெயர் தென்படுகிறது. இப்போதைய கெர்னல் மூலத்தில் தேடினால் அது இல்லை. எங்கே போனது?

#2 நெடுங்கம்பி

அது எங்கும் போகவில்லை, உள்ளேயே வரவில்லை. கேஜிடிபி 2008இல் 2.6.26 பதிப்பில் முதன்மை மூலத்தில் சேர்ந்தது. கேடிபி (கன்சோலிலேயே கட்டளை தட்டி ஆராயும் வழுநீக்கி) 2010இல் 2.6.35 பதிப்பில் சேர்ந்தது. இரண்டும் பேசுவது கேஜிடிபிஓசி வழியாக, அதாவது கன்சோல் வழியாக. ஈதர்நெட் வழி வெளிப் பேட்சாகவே இருந்து, வெளியிலேயே நின்றுவிட்டது.

காரணத்தைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்வியே மாறிவிடும். வழுநீக்கி கெர்னலை நிறுத்தும் கணத்தில் செயலியின் எல்லாக் கோர்களும் நிற்கின்றன. அந்தக் கணத்தில் ஒரு கோர் நெட்வொர்க் அட்டையின் அனுப்பும் பூட்டை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடுவது) பிடித்துக்கொண்டு இருந்தால்? பூட்டைப் பிடித்தவன் நிற்கிறான், அவன் விட மாட்டான். வழுநீக்கி தன் பாக்கெட்டை அனுப்ப அதே பூட்டைக் கேட்கிறது. எல்லாம் முடிந்தது. பாக்கெட்டுக்கு நினைவகம் ஒதுக்க வேண்டும், ஒதுக்கும் நிரலுக்கும் பூட்டுகள் உண்டு. இன்டரப்ட் (சாதனம் செயலியைக் கூப்பிடும் குறிப்பு) வராது, டைமர் ஓடாது, ஏஆர்பி கேள்விக்கு (இந்த ஐபியின் மேக் முகவரி என்ன என்பது) பதில் சொல்ல ஆள் இல்லை. உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுவது போன்ற வேலை.

சீரியல் போர்ட் ஏன் தாக்குப்பிடிக்கிறது? ஒரு பதிவகத்தில் ஒரு பைட்டை எழுதினால் அது வெளியே போய்விடும். "காலியா?" என்று இன்னொரு பதிவகத்தைப் பார்த்தால் போதும். பூட்டும் வேண்டாம், நினைவக ஒதுக்கீடும் வேண்டாம். இவ்வளவு எளிமையான ஒன்று இன்றைய கணினியில் வேறு எதுவும் மிச்சம் இல்லை.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, "கெர்னலின் நெட்வொர்க்கைப் பயன்படுத்தாமல் நெட்வொர்க் வழியாக எப்படிப் போவது?" என்பதுதான். உங்கள் சர்வரில் பிஎம்சி இருக்கிறதா? தாய்ப்பலகையில் தனியாக ஓடும் மேலாண்மைச் சில்லு. இருந்தால் சொல்லுங்கள், வழி இருக்கிறது.

#3 சாளரப்பணி

லினக்ஸில்தான் இந்த இக்கட்டு. நான் விண்டோஸ் டிரைவர் எழுதுகிறேன். அங்கே விண்டோஸ் 8 வந்ததிலிருந்து கேடிநெட் இருக்கிறது. நெட்வொர்க் வழியாகக் கெர்னலை நிறுத்துவது எங்களுக்கு அன்றாட வேலை. இலக்குக் கணினியில் பிசிடிஎடிட் கட்டளையில் வழுநீக்கும் கணினியின் ஐபி, ஒரு யூடிபி போர்ட், ஒரு சாவி ஆகியவற்றைக் கொடுத்து மறுதொடக்கம் செய்தால் போதும். போர்ட் எண்ணாக 50000 முதல் 50039 வரை பரிந்துரைக்கிறார்கள். ஓர் இலக்குக்கு ஒரு போர்ட் என்று பிரித்து வைத்துக்கொண்டால் ஒரே கணினியிலிருந்து பல இலக்குகளைப் பார்க்கலாம்.

பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. வழுநீக்கும் கணினியில் ஓடும் விண்டிபிஜி போய் இலக்கின் கதவைத் தட்டுவதில்லை. இலக்குதான் வழுநீக்கும் கணினிக்குப் பாக்கெட் அனுப்பித் தொடர்பைத் தொடங்குகிறது. அதனால் ஃபயர்வாலில் வழி திறக்க வேண்டியது வழுநீக்கும் கணினியில். இலக்கு ஒரு நேட்டுக்கு (ஐபி முகவரியை மாற்றி அனுப்பும் ரூட்டர்) பின்னால் இருந்தாலும் வேலை நடக்கும்.

நெடுங்கம்பி சொன்ன பூட்டுச் சிக்கல் இங்கே ஏன் வரவில்லை என்றால், கேடிநெட் விண்டோஸின் வழக்கமான நெட்வொர்க் டிரைவரைத் தொடுவதே இல்லை. வழுநீக்கத்துக்கென்றே எழுதிய சிறிய தனி டிரைவர் தொகுதி அட்டையை நேரடியாக ஓட்டுகிறது. ஒவ்வோர் அட்டைத் தயாரிப்பாளருக்கும் தனித் தொகுதி. அதனால்தான் எல்லா அட்டையிலும் ஓடாது. கேடிநெட் கருவியை இலக்கில் ஓட்டினால் உங்கள் அட்டை பட்டியலில் இருக்கிறதா என்று சொல்லிவிடும். சாதாரணப் போக்குவரத்து, அந்தத் தொகுதிக்கு மேல் அமர்ந்த ஒரு மெய்நிகர் அட்டை வழியாகத் தொடர்ந்து போய்வரும்.

#4 நெடுங்கம்பி

நன்றாகச் சொன்னீர்கள். நான் சொன்னதற்கு இதுவே சான்று. அவர்களும் கெர்னலின் நெட்வொர்க் அடுக்கை நம்பவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றைக் கட்டினார்கள். அதற்கு ஒவ்வோர் அட்டைக்கும் ஆள் வைத்து நிரல் எழுத வேண்டும். லினக்ஸில் அந்த உழைப்பை யாரும் ஏற்கவில்லை. நெட்போல் என்ற அடுக்கு, இருக்கும் டிரைவரையே இன்டரப்ட் இல்லாமல் கூப்பிட்டு ஓட்டப் பார்க்கிறது. அனுப்புவதற்கு அது போதும். வாங்குவதற்கென்று அதில் இருந்த பகுதி பின்னாளில் நீக்கப்பட்டுவிட்டது. வாங்க முடியாத வழியில் வழுநீக்கி பேச முடியாது, பதிவு மட்டும் அனுப்பலாம். அந்தப் பதிவு அனுப்பும் வேலைதான் நெட்கன்சோல்.

#5 நீலமணல்

ஃப்ரீபிஎஸ்டி நடுவழி ஒன்றைப் பிடித்தது. 12.0 பதிப்பில் நெட்டம்ப் வந்தது: பேனிக் ஆன (மீள முடியாத பிழை கண்டு தன்னை நிறுத்திக்கொண்ட) கெர்னல் தன் நினைவகத்தை நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்பிவிடும். 13.0 பதிப்பில் நெட்ஜிடிபி வந்தது: பேனிக் ஆகி டிடிபி (கெர்னலுக்குள்ளேயே இருக்கும் வழுநீக்கி) முனையில் நிற்கும் கணினியிலிருந்து ஜிடிபிக்கு (வேறு கணினியில் ஓடும் வழுநீக்கி நிரல்) நெட்வொர்க் வழியாக இணைப்புக் கொடுக்கலாம். இரண்டும் ஒரே அடிநிரலின் மேல் நிற்பவை.

அதில் எனக்குப் பிடித்தது, பாக்கெட்டுக்கான நினைவகத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிடுவது. கெர்னல் சாகும்போது ஒதுக்கீட்டு நிரலே சிதைந்து கிடக்கலாம்; அதைத் தொடாமலே பேச வேண்டும் என்று நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். நெட்வொர்க் டிரைவரிலும் இதற்கென்று சில செயற்கூறுகளைச் சேர்த்தாக வேண்டும், சேர்க்காத டிரைவரில் ஓடாது. ஆக, டிரைவர் எழுதியவர் ஒத்துழைக்காமல் எந்த இயங்குதளத்திலும் இது நடக்காது.

இன்டெல் மேக்கிலும் யூடிபி 41139 போர்ட்டில் கேடிபி (KDP; லினக்ஸின் கேடிபி வேறு) என்ற நெறிமுறை இருந்தது. அங்கும் அதே கதைதான்: எந்த அட்டையில் ஓடும் என்பதே முதல் கேள்வி. வைஃபையில் இவை எதையும் முயல வேண்டாம். ஃபர்ம்வேர், குறியாக்கம், தொடர்பைத் தக்கவைக்கும் நிலைகள் என்று அங்கே நிறுத்த முடியாத வேலைகள் ஏராளம்.

#6 புதுவேர்

மூவருக்கும் நன்றி. பிஎம்சி இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திப் போடுவதே அதன் வழியாகத்தான். அதில் வேறு என்ன செய்யலாம்?

#7 நெடுங்கம்பி

நிறையச் செய்யலாம். பிஎம்சியோடு பேசும் நெறிமுறையான ஐபிஎம்ஐ 2.0இல் சீரியல் ஓவர் லேன் என்ற வசதி உண்டு. கெர்னலுக்கு அது சாதாரண சீரியல் போர்ட்டாகத் தெரியும். அதில் எழுதும் பைட்டை பிஎம்சி எடுத்து, யூடிபி 623 போர்ட்டில் தன் சொந்த நெட்வொர்க் இணைப்பில் உங்களுக்கு அனுப்பும். கெர்னல் செத்துக் கிடந்தாலும் பிஎம்சி உயிரோடு இருக்கும். அதற்குத் தனிச் செயலி, தனி மென்பொருள். நான் கேட்ட "கெர்னலுக்கு வெளியே உள்ள நெட்வொர்க்" இதுதான்.

செய்ய வேண்டியவை: பயாஸில் சீரியல் திருப்புதலை இயக்குங்கள். கெர்னல் தொடக்க வரியில் கன்சோலை அந்தப் போர்ட்டுக்கு 115200 வேகத்தில் காட்டுங்கள். பெரும்பாலும் அது இரண்டாவது சீரியல் போர்ட்டாக இருக்கும், ஆனால் பலகைக்குப் பலகை மாறும். ஒரு சொல்லை எழுதிப் பார்த்து உறுதி செய்யுங்கள். கேஜிடிபிஓசிக்கும் அதே போர்ட். பிறகு ஐபிஎம்ஐடூலில் லேன்பிளஸ் இடைமுகத்தோடு சோல் ஆக்டிவேட் கொடுத்தால் கன்சோல் உங்கள் திரையில்.

முதலில் ஜிடிபிக்குப் போகாதீர்கள். சிஸ்ஆர்க்யூ ஜி (கெர்னலுக்கு நேராகப் போகும் அவசரக் கட்டளை) கொடுத்தால் கேடிபி முனை வரும். அங்கே பிடி என்றால் அழைப்பு அடுக்கு (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற வரிசை), பிடிசி என்றால் ஒவ்வொரு கோரின் அழைப்பு அடுக்கு, டிமெசெஜ் என்றால் பதிவு. பாதி நேரம் விடை அங்கேயே தெரிந்துவிடும். ஜிடிபி வேண்டுமென்றால் அந்த முனையிலேயே கேஜிடிபி என்று தட்டினால் நெறிமுறை மாறும். ஒரே போர்ட்டில் கன்சோலும் ஜிடிபியும் சண்டையிடாமல் இருக்க ஏஜென்ட் பிராக்ஸி என்ற சிறு நிரல் இருக்கிறது. ஒரு சீரியல் ஓடையை இரண்டு டிசிபி போர்ட்டாகப் பிரித்துக் கொடுக்கும்.

ஜிடிபி பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். 115200 வேகம் என்றால் நொடிக்குச் சுமார் 11,500 பைட். அதைவிடப் பெரிய தொல்லை காத்திருப்பு. ஜிடிபி ஒவ்வொரு நினைவகத் துண்டையும் கேட்டு, பதில் வந்த பிறகே அடுத்ததைக் கேட்கும். போய்வர 200 மில்லி நொடி ஆகும் தொலைவில் ஓர் இணைப்புப் பட்டியலின் 1,000 உறுப்புகளை நடந்தால் குறைந்தது 200 நொடி. அதனால் ஜிடிபியை உங்கள் மேசையில் ஓட்டாதீர்கள். அதே தரவு மையத்தில் ஓர் இடைக் கணினி இருந்தால் ஜிடிபியும் குறியீட்டுக் கோப்பும் அங்கே இருக்கட்டும். நீங்கள் அதற்குள் எஸ்எஸ்எச் வழியாகப் போய் உட்காருங்கள். விரல் அழுத்தங்கள் மட்டும் தொலைவு கடக்க வேண்டும்.

#8 சாளரப்பணி

இது எங்களுக்கும் பொருந்தும். தொலைவு அதிகமென்றால் விண்டிபிஜியை இலக்கின் பக்கத்தில் ஓட்டி, அதிலேயே சர்வர் கட்டளை கொடுத்து, இங்கிருந்து இன்னொரு விண்டிபிஜியால் அந்த அமர்வுக்குள் நுழைவோம். கேடிநெட் பாக்கெட்டுகளை நெடுந்தொலைவு இழுத்தடித்துக்கொண்டு வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

#9 காவல்மதில்

குறுக்கிடுகிறேன். யாரும் இன்னும் பாதுகாப்பைப் பற்றிப் பேசவில்லை. கெர்னல் வழுநீக்கி இணைப்பு என்பது ரூட் அனுமதிக்கும் மேற்பட்டது. நினைவகத்தில் எதையும் படிக்கலாம், எதையும் எழுதலாம்.

ஜிடிபியின் தொலை நெறிமுறையில் கடவுச்சொல்லும் இல்லை, குறியாக்கமும் இல்லை. ஒரு டாலர் குறி, செய்தி, ஒரு எண்குறி, இரண்டு இலக்கச் சரிபார்ப்புத் தொகை. அவ்வளவுதான். பாதையில் யார் இருந்தாலும் படிக்கலாம், நுழைக்கலாம். ஏஜென்ட் பிராக்ஸியோ க்யூஈஎம்யூ என்ற மெய்நிகர் கணினி நிரலோ எதுவானாலும் 127.0.0.1 முகவரியில் மட்டும் காத்திருக்கட்டும். வெளியிலிருந்து எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாக மட்டும் வாருங்கள். நெட்கன்சோலும் வெறும் எழுத்தாகவே யூடிபியில் போகிறது. கெர்னல் பதிவில் நினைவக முகவரிகள் இருக்கும், கோப்புப் பெயர்கள் இருக்கும்.

பிஎம்சியைத் திறந்த இணையத்தில் வைக்கவே கூடாது. ஐபிஎம்ஐ 2.0இன் கைகுலுக்கும் முறையிலேயே குறை இருக்கிறது: உள்ளே நுழையும் முன்பே கேட்பவருக்குக் கடவுச்சொல்லின் ஹாஷ் கிடைத்துவிடும், அதை அவர் வீட்டில் வைத்து உடைக்கலாம். இது மென்பொருள் வழு அன்று, நெறிமுறையின் வடிவமைப்பு. தனி நெட்வொர்க்கில் வைத்து விபிஎன் வழியாக மட்டும் போங்கள்.

ஒப்பிட்டால் கேடிநெட் இந்த விஷயத்தில் நன்றாகவே யோசித்துச் செய்யப்பட்டது. 256 பிட் சாவி, நான்கு துண்டுகளாக எழுதுவார்கள். பாக்கெட்டுகள் குறியாக்கப்பட்டுப் போகின்றன. தயவுசெய்து அந்தச் சாவியில் 1.2.3.4 என்று போடாதீர்கள். கருவி தரும் சாவியையே வைத்துக்கொள்ளுங்கள்.

#10 எறும்புவழி

எல்லாம் சரி, ஆனால் இந்த வழுவுக்கு வழுநீக்கி எதற்கு? எப்போது உறையும் என்று தெரியாத கணினி. நேரலையில் நிறுத்தப் புள்ளி எங்கே வைப்பீர்கள்? உற்பத்திச் சர்வரை நிறுத்தினால் வாட்ச்டாக் (கணினி உறைந்துவிட்டதா என்று கண்காணிப்பது) பார்த்துக்கொண்டிருக்கும். வன்பொருள் வாட்ச்டாக் இருந்தால் நீங்கள் அழைப்பு அடுக்கைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கணினியை மறுதொடக்கம் செய்துவிடும். அதோடு பேசிக்கொண்டிருந்த மற்ற கணினிகள் டிசிபி இணைப்பை அறுக்கும். கிளஸ்டரில் இருந்தால் மற்ற உறுப்புகள் இதைச் செத்ததாக அறிவித்து வெளியேற்றிவிடும்.

அதுவே செத்த பிறகு அதன் சாட்சியத்தை வாங்குங்கள். நெட்கன்சோல் வையுங்கள், கேடம்ப் வையுங்கள். கேடம்ப்புக்கு அடிப்படையான கெக்செக் (ஓடும் கெர்னலிலிருந்தே இன்னொரு கெர்னலை எழுப்பும் வசதி) 2005இலிருந்து முதன்மை மூலத்தில் இருக்கிறது. கிராஷ்கெர்னல் என்று தொடக்க வரியில் கொஞ்சம் நினைவகம் ஒதுக்கினால், பேனிக் ஆனதும் அங்கே காத்திருக்கும் இரண்டாவது கெர்னல் எழும். அது புதிதாக நெட்வொர்க் அட்டையைத் தொடங்கி, செத்த கெர்னலின் நினைவகத்தை எஸ்எஸ்எச் வழியாகவே இன்னொரு கணினிக்கு அனுப்பும். குறியாக்கமும் ஆயிற்று, காவல்மதில் நிம்மதியாகத் தூங்கலாம்.

#11 நெடுங்கம்பி

> இந்த வழுவுக்கு வழுநீக்கி எதற்கு?

இந்த வழுவுக்கு நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேடம்ப் பேனிக் ஆனால்தான் எழும். புதுவேர் சொல்வது பேனிக் இல்லை, உறைதல். உறைந்ததைப் பேனிக்காக மாற்றும் வேலை இடையில் இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கோர் இன்டரப்டை அணைத்துவிட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தால் அது ஹார்ட் லாக்கப். அதற்குச் சாதாரண இன்டரப்ட் எதுவும் எட்டாது. சீரியல் போர்ட்டின் இன்டரப்ட் அந்தக் கோருக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் நீங்கள் அனுப்பும் சிஸ்ஆர்க்யூகூட உள்ளே வராது. எட்டக்கூடியது என்எம்ஐ ஒன்றுதான், மறைக்க முடியாத இன்டரப்ட்.

கெர்னலில் என்எம்ஐ வாட்ச்டாக் இருக்கிறது. வாட்ச்டாக் த்ரெஷின் இயல்பு மதிப்பு 10 நொடி. அந்த அளவுக்கு ஒரு கோர் டைமர் இன்டரப்டை வாங்கவில்லை என்றால் கத்தும். ஹார்ட்லாக்கப் பேனிக்கை 1 ஆக்கினால் கத்துவதோடு நிற்காமல் பேனிக் ஆகும். உடனே கேடம்ப்.

புதுவேர், முதலில் ஒன்று பாருங்கள்: உங்கள் கெர்னல் தொடக்க வரியில் என்எம்ஐ வாட்ச்டாக் 0 என்று இருக்கிறதா? வேகத்துக்காக அணைத்து வைப்பவர்கள் பலர்.

இன்னொரு கையிருப்பு: அன்னோன் என்எம்ஐ பேனிக்கையும் 1 ஆக்குங்கள். வாட்ச்டாக்கும் மௌனமாக இருந்தால், பிஎம்சியில் ஐபிஎம்ஐடூல் சேசிஸ் பவர் டயாக் என்று கொடுங்கள். அது தாய்ப்பலகையிலிருந்து ஒரு என்எம்ஐயை அனுப்பும். தொலைவிலிருந்து ஒரு பாக்கெட். அங்கே கெர்னல் பேனிக். நினைவகப் பிரதி உங்கள் கையில். மின்சாரத்தை நிறுத்திப் போடும் முன் இதை ஒரு முறையாவது செய்திருந்தால் இந்நேரம் விடை தெரிந்திருக்கும் என்று பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

#12 எறும்புவழி

நெட்கன்சோல் அமைப்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். இலக்குக் கணினி வேறு சப்நெட்டில் இருந்தால் மேக் முகவரி இருக்கும் இடத்தில் கேட்வேயின் மேக் முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். நெட்போல் ஏஆர்பி செய்யாது, ரூட்டிங் அட்டவணையையும் பார்க்காது. அடுத்து, தொடக்க வரியில் குவயட் இருந்தால் பாதிச் செய்திகள் கன்சோலுக்கே வராது, ஆகவே நெட்கன்சோலுக்கும் வராது. இக்னோர் லாக்லெவல் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக, கேட்கும் பக்கத்தில் யூடிபி 6666 திறந்திருக்கிறதா என்று எதையாவது கெர்னல் பதிவில் எழுதிச் சோதித்துவிடுங்கள். உறைந்த பிறகு ஃபயர்வாலைப் பார்த்துப் பயனில்லை.

#13 நெடுங்கம்பி

நான்காவது: அனுப்பும் பூட்டு யாரிடமோ மாட்டியிருந்தால் நெட்போல் கொஞ்ச நேரம் முயன்றுவிட்டுச் செய்தியைக் கைவிடும். அதனால் நெட்கன்சோலில் மௌனம் என்றால் "கெர்னல் ஒன்றும் சொல்லவில்லை" என்று பொருள் கொள்ளாதீர்கள். சீரியல் ஓவர் லேனும் கூடவே ஓடட்டும், அதன் வெளியீட்டை இடைக் கணினியில் கோப்பில் சேமியுங்கள்.

#14 மெய்நிரை

நேரலை வழுநீக்கத்தை இவ்வளவு எளிதில் ஒதுக்கிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. டிரைவரின் மூலநிரல் கையில் இருக்கிறது. க்யூஈஎம்யூவில் சிறிய எஸ் கொடியோடு கெர்னலை ஏற்றினால் டிசிபி 1234இல் ஜிடிபி காத்திருக்கும். பெரிய எஸ் சேர்த்தால் முதல் கட்டளைக்கு முன்பே நிற்கும். கெர்னலுக்குத் தான் வழுநீக்கப்படுகிறோம் என்பதே தெரியாது. பூட்டுச் சிக்கல், டிரைவர் ஒத்துழைப்பு, வாட்ச்டாக் எதுவும் இல்லை. நெடுங்கம்பி தேடும் "வெளியே உள்ள வழி" இதைவிட வெளியே இருக்க முடியாது.

தொடங்குபவர்கள் தடுக்கி விழும் இடங்கள்: நோகேஏஎஸ்எல்ஆர் கொடுக்காவிட்டால் கெர்னல் வேறு முகவரியில் ஏறும், நிறுத்தப் புள்ளி எதுவும் பிடிக்காது. பெரிய எஸ்ஸில் நிற்கும்போது சாதாரண நிறுத்தப் புள்ளி வைத்தால், கெர்னல் தன்னை விரித்து நினைவகத்தில் எழுதும்போது அது அழிந்துவிடும். அங்கே வன்பொருள் நிறுத்தப் புள்ளி வையுங்கள். எக்ஸ்86இல் அசல் செயலியில் அவை நான்குதான். டிரைவர் தொகுதியின் குறியீடுகளுக்கு எல்எக்ஸ் சிம்பல்ஸ் கட்டளையை ஓட்டுங்கள். விஎம்லினக்ஸ் கோப்பு (ஜிடிபி குறியீடுகளைப் படிக்கும் கெர்னல் கோப்பு) ஓடும் கெர்னலோடு ஒரே கட்டமைப்பில் உருவானதாக இருக்க வேண்டும். "ஏறக்குறைய அதே பதிப்பு" என்பது இங்கே செல்லாது. தவறான வரி எண்ணைக் காட்டி ஆளையே திசைதிருப்பிவிடும்.

அட்டை இல்லையே என்பீர்கள். க்யூஈஎம்யூவில் கற்பதற்கென்றே எடு என்ற பிசிஐ சாதனம் இருக்கிறது. இன்டரப்டும் டிஎம்ஏவும் தரும். டிரைவரின் பூட்டு ஒழுங்கை மட்டும் அதன்மேல் எழுதிப் பார்க்கலாம். லாக்டெப் (பூட்டு ஒழுங்கைச் சரிபார்க்கும் வசதி) இயக்கிய கெர்னலில் ஓட்டினால், உறைய வேண்டும் என்றுகூட இல்லை. உறையக்கூடிய வாய்ப்பு இருந்தாலே சொல்லிவிடும்.

#15 புதுவேர்

தகவல் இருக்கிறது. தொடக்க வரியில் என்எம்ஐ வாட்ச்டாக் 0 என்றுதான் இருந்தது. சர்வருக்கு அடிப்படையாகத் தரப்பட்ட படிமத்திலேயே அப்படி. அதை எடுத்துவிட்டு, ஹார்ட்லாக்கப் பேனிக் 1, கேடம்ப், நெட்கன்சோல், சீரியல் ஓவர் லேன் எல்லாம் அமைத்தேன். நேற்றிரவு உறைந்தது. உடனே பேனிக் ஆகி, நினைவகப் பிரதி இடைக் கணினிக்கு வந்து, சர்வர் தானே எழுந்துவிட்டது.

கிராஷ் கருவியில் பிடி, உடன் ஏ கொடி கொடுத்துப் பார்த்தேன். மூன்றாம் கோரில் மேலிருந்து கீழாக: பூட்டுக்காகச் சுற்றும் நிரல், அதற்கு அடியில் அட்டை டிரைவரின் இன்டரப்ட் கையாளி, அதற்கும் அடியில் அதே டிரைவரின் ஐஆக்டில் செயற்கூறு (பயனர் நிரல் டிரைவருக்குக் கட்டளை கொடுக்கும் வழி). மற்ற கோர்களில் பாதி, டிஎல்பி (நினைவக முகவரி மொழிபெயர்ப்புகளின் தற்காலிகச் சேமிப்பு) துடைப்புக்காக மூன்றாம் கோரின் பதிலுக்குக் காத்து நிற்கின்றன.

நெட்கன்சோலில் ஹார்ட் லாக்கப் வரி வந்தது, அடுக்கின் நடுவில் அறுந்துவிட்டது. சீரியலில் முழுதாக இருக்கிறது.

#16 நெடுங்கம்பி

படம் தெளிவு. ஐஆக்டில் பூட்டைச் சாதாரண ஸ்பின் லாக்காக (கிடைக்கும்வரை சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) பிடித்திருக்கிறது, இன்டரப்ட் அணைக்கப்படவில்லை. பிடித்திருக்கும்போதே அதே கோரில் அட்டையின் இன்டரப்ட் வந்துவிட்டது. கையாளி அதே பூட்டைக் கேட்கிறது. பிடித்தவன் கையாளி முடிந்தால்தான் ஓடுவான், கையாளி அவன் விட்டால்தான் முடியும். வேறு கோரில் இன்டரப்ட் வந்திருந்தால் ஒரு கணம் காத்துத் தாண்டியிருக்கும், அதனால்தான் எப்போதாவது மட்டும் நடக்கிறது.

பிங் போகாததற்கும் விடை அங்கேயே இருக்கிறது. டிஎல்பி துடைப்பில் மற்ற கோர்கள் இந்தக் கோரின் பதிலுக்குக் காத்து ஒவ்வொன்றாகச் சிக்கும். கணினி முழுதும் ஒரே நொடியில் சாவதில்லை, கோர் கோராகச் சாகிறது.

திருத்தம்: ஐஆக்டில் பக்கத்தில் ஸ்பின் லாக் ஐஆர்க்யூசேவ் (இன்டரப்டை அணைத்துவிட்டுப் பிடிப்பது). கையாளிக்குள் சாதாரண ஸ்பின் லாக் போதும்.

#17 காவல்மதில்

பக்கக் குறிப்பு: அந்தச் சர்வரில் செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரலை மட்டும் ஏற்றும் தொடக்க முறை) இயங்குகிறதா? 5.4 பதிப்பில் வந்த லாக்டவுன், கெர்னல் நினைவகத்தை மாற்றும் வழிகளை அடைத்தது; கேஜிடிபி மட்டும் திறந்தே கிடந்தது. 2022இல் சிவிஇ-2022-21499 எண்ணில் அதையும் அடைத்தார்கள். ஆகவே புதிய கெர்னலில் லாக்டவுன் இருந்தால் கேஜிடிபி வேலை செய்யவில்லை என்று யாரும் கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம்.

#18 சாளரப்பணி

விண்டோஸிலும் கேடிநெட் அமைக்கும் முன் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும், வட்டைக் குறியாக்கும் பிட்லாக்கரை இடைநிறுத்த வேண்டும். இடைநிறுத்தாமல் தொடக்க அமைப்பை மாற்றினால் மறுதொடக்கத்தில் மீட்புச் சாவி கேட்கும். தொலைவில் உள்ள கணினியில் அதைத் தட்ட ஆள் இருக்க மாட்டார்.

#19 புதுவேர்

செக்யூர் பூட் இல்லை. திருத்தத்தைப் போட்டு, மெய்நிரை சொன்னபடி லாக்டெப் இயக்கிய கெர்னலை ஒரு சோதனைக் கணினியில் உதிரி அட்டையோடு ஓட்டினேன். பழைய டிரைவரில் முதல் ஐஆக்டில் அழைப்பிலேயே, உறையாமலே, அந்தப் பூட்டின் பெயரோடு எச்சரிக்கை வந்துவிட்டது. திருத்திய டிரைவரில் அது வரவில்லை. அட்டையைத் தந்தவர்களுக்கு அழைப்பு அடுக்கோடும் பேட்சோடும் அனுப்பிவிட்டேன்.

#20 நெடுங்கம்பி

நல்லது. அதே ஐஆக்டிலில் இன்னொன்றையும் பாருங்கள்: பூட்டைப் பிடித்தபடியே காப்பி டு யூசர் (பயனர் நினைவகத்துக்கு நகலெடுக்கும் செயற்கூறு) அழைக்கப்படுகிறதா? அது பக்கப் பிழை கண்டு தூங்கப் போகலாம். ஸ்பின் லாக்கோடு தூங்கக் கூடாது. டீபக் அட்டாமிக் ஸ்லீப் இயக்கினால் பிடித்துக் கொடுக்கும்.

#21 புதுவேர்

இருக்கிறது. தரவை இடைநிலைத் தாங்கியில் நகலெடுத்து, பூட்டை விட்ட பிறகு பயனர் பக்கம் அனுப்பும்படி மாற்றி, இரண்டாவது பேட்சாக அனுப்புகிறேன். ஹார்ட்லாக்கப் பேனிக்கும் கேடம்ப்பும் அந்தச் சர்வரில் அப்படியே இருக்கும். கேஜிடிபிஓசியை மட்டும் தொடக்க வரியிலிருந்து எடுத்துவிட்டேன்.